கடற்சொறியின் நஞ்சும் அதற்குரிய சிகிச்சையும்

கரைவலை இழுப்போர் மடியைக் கரையில் ஏற்றியதும், மீனோடு மீனாய்க் கிடக்கும் கண்ணாடி போன்ற வழுவழுப்பான பிண்டங்களை வாரி அப்பால் எறிவது எமது கரையோரங்களிலே பெரும்பாலும் காணப்படும் காட்சியாகும். இப்பிண்டங்களைக் கரையோர மக்கள் சொறி என்றும் சொறிமுட்டை என்றும் வழங்குவர். தொட்ட இடம் சொறியும் என்பதைப் பெயரே உணர்த்திவிடுகின்றது. இதற்கு மூளையுமில்லை, இதயமுமில்லை, எலும்புமில்லை. உடலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வெறும் நீரே. எனினும் இத்தகைய ஓர் உயிர், திடகாத்திரமான மனிதனைச் சில நிமிடங்களில் உயிரிழக்கச் செய்யவும் வல்லதாயிருக்கின்றது. அது எவ்வாறு இயல்கின்றது? தீண்டப்பட்டவருக்குச் செய்யத்தக்கது யாது? செய்யத்தகாதது யாது? இவற்றை அறிந்திருத்தல் கடலோரத்தில் வாழ்வோருக்கும் கடலாடச் செல்வோருக்கும் இன்றியமையாததாகும்.

முதலில் சொறிமுட்டை தீண்டும் முறையை நோக்குவோம். குடை போன்ற உடலின் விளிம்பிலிருந்து நீண்ட இழைகள் பல தொங்கிக்கொண்டிருக்கும். அவ்விழைகளின் மேற்பரப்பிலே, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய நஞ்சுப்பைகள் இலட்சக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பையினுள்ளும் பொள்ளலான நூலொன்று, கயிற்றுச் சுருள்போலச் சுருண்டு, நஞ்சில் ஊறிக் கிடக்கின்றது. பையின் உள்ளே உள்ள அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் 150 மடங்குவரை இருக்கலாமென அளந்திருக்கின்றனர். மனிதத் தோலோ மீனின் செதிலோ உராய்ந்ததும் பையின் மூடி திறக்கின்றது. உள்ளிருந்த நூல் ஈட்டிபோற் பாய்ந்து தோலைத் துளைத்து நஞ்சைச் செலுத்துகின்றது. சொறிமுட்டைக்கு உறவான ஐதரா என்னும் சிற்றுயிரில் இப்பாய்ச்சலை மிக விரைவான புகைப்படக் கருவி கொண்டு ஆராய்ந்து, 2006 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஒரு விநாடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அவற்றுள் ஒரு கூறுக்கும் குறைந்த நேரத்திலே இஃது நடந்து முடிகின்றது. விலங்குலகத்தில் அறியப்பட்ட அசைவுகளுள் மிகவும் விரைவானவற்றில் இதுவும் ஒன்றாம்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஓர் இழை தோலிற் பட்டவுடன் அதிலுள்ள நஞ்சுப்பைகள் யாவும் ஒருங்கே வெடிப்பதில்லை. ஒரு பகுதி வெடிக்கின்றது. எஞ்சியவை வெடியாத வேட்டுக்களைப்போல இழையோடு தோலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை வெடிப்பதற்குச் சொறிமுட்டையின் சம்மதம் வேண்டியதில்லை. அஃது உயிரோடிருக்க வேண்டியதுமில்லை. கரையில் ஒதுங்கிச் செத்துக் கிடக்கும் சொறியை மிதித்தவரும் துடிதுடிப்பதற்குக் காரணம் இதுவே. ஆகையால் முதலுதவியின் முதல் நோக்கம் இவ்வெடியாத பைகளை வெடிக்கவிடாமற் காப்பதாகும். இந்த ஓர் உண்மையை மனத்திற் பதித்துக்கொண்டால், எது நன்மை, எது தீமை என்பது தானே விளங்கும்.

தீண்டிய இடத்தை மணலாலோ துணியாலோ தேய்க்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. தேய்க்குந்தோறும் பைகள் நசுங்கி மேலும் நஞ்சைக் கக்குகின்றன. கத்தியின் மழுங்கிய பக்கத்தாற் சுரண்டுவதும் இத்தகையதே. நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுதல் தீங்கற்றதாகத் தோன்றலாம். ஆனால் உப்பு நீரிலே பழகிய பைகள் நன்னீர் பட்டதும் நிலைகுலைந்து வெடிப்பதுண்டு. மதுசாரம் ஊற்றுதலும் அவ்வாறே. சிறுநீர் விடுதல் சிறந்த மருந்து என்னும் நம்பிக்கை பல நாடுகளில் வேரூன்றியிருக்கின்றது. அதனால் நன்மை விளைந்தமைக்குத் தக்க சான்றில்லை. நன்னீரைப் போலவே அதுவும் நஞ்சுப்பைகளை வெடிக்கச் செய்யக்கூடும். இறுக்கிக் கட்டுப்போடுதலும் ஆகாது. சில பாம்புக்கடிகளுக்கு அவுஸ்திரேலியாவில் விதிக்கப்பட்ட அம்முறை சொறித்தீண்டலுக்கும் ஒருகாலத்திற் கூறப்பட்டது. அழுத்தம் நஞ்சை மேலும் வெளியேற்றுமென ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியபின், அது கைவிடப்பட்டது.

சொறிநஞ்சைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றிலே அவுஸ்திரேலியாவின் வடகீழ்ப்பாகமாகிய குயின்ஸ்லாந்துக் கரைக்குச் சிறப்பிடமுண்டு. அங்கே கோடைகாலத்தில் நீராடுவோர் சிலர், இடுப்பளவு நீரிலேயே திடீரென அலறி விழுந்து சில நிமிடங்களில் மடிவதுண்டு. உடலிற் சவுக்கால் அடித்தாற்போலத் தழும்புகள் காணப்படும். அடித்தது யாதென ஒருவருக்கும் தெரியாது. 1955 ஆம் ஆண்டு சனவரி மாதம் 20 ஆம் திகதி, கார்ட்வெல் என்னும் ஊரில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இவ்வாறு இறந்தான். கேண்ஸ் நகர வைத்தியரான ஹியூகோ பிளெக்கர் இச்செய்தியை அறிந்து, சிறுவன் நீராடிய இடத்தை வலைகொண்டு அரிக்கச் செய்தார். வலையில் அகப்பட்ட சொறிகளுள் ஒன்று, அதுவரை விஞ்ஞானிகள் பெயரிடாத புதுவகையாகக் காணப்பட்டது. பெட்டி வடிவமான உடல். அதன் நான்கு மூலைகளிலும் கொத்துக் கொத்தாய் இழைகள். அடெலெய்ட் நகரில் வாழ்ந்த ஆராய்ச்சியாளர் றொனால்ட் சவுத்கொட் அதனை ஆராய்ந்து, கைரோனெக்ஸ் பிளெக்கெரி எனப் பெயரிட்டார். முதற்சொல்லுக்குக் கொலைக்கை என்பது பொருளாகும். பிற்சொல் பிளெக்கரின் பெயரை நினைவூட்டுகின்றது.

இப்பெட்டிச்சொறியின் ஒவ்வொரு மூலையிலும் 15 இழைகள் வரை உள்ளன. அவை மூன்று மீற்றர் வரை நீளக்கூடும். மற்றைச் சொறிகள் நீரோட்டத்தின் போக்கிலே மிதந்து திரிய, இது தன் முயற்சியால் நீந்திச் செல்கின்றது. இருபத்து நான்கு கண்களும் இதற்குண்டு. இதன் நஞ்சு இரத்தக் கலங்களின் சுவர்களிலும் இதயத்தசைக் கலங்களின் சுவர்களிலும் துளையிடுகின்றது. இழைகள் உடலிற் பெரும்பரப்பிலே சுற்றிக்கொண்டால், வைத்தியசாலைக்குச் செல்லுமுன்னரே இதயம் நின்றுவிடலாம். ஆகவே உயிர் பிழைப்பதும் பிழையாததும் கரையில் நிற்போரின் கையிலேயே தங்கியிருக்கின்றது.

அதே கரையில் இன்னொரு புதிரும் இருந்தது. சிலர் கடலில் இலேசான தீண்டலை உணர்வர். தோலில் அடையாளம் பெரிதாக இராது. ஏறத்தாழ அரைமணி நேரம் சென்றபின் இடுப்பிலும் வயிற்றிலும் தாங்கொணா வலி தோன்றும். வாந்தியும் வியர்வையும் மிகும். இரத்த அழுத்தம் ஏறும். தாம் இறக்கப்போவது உறுதியென்னும் பேரச்சம் நோயாளரைப் பற்றிக்கொள்ளும். பிளெக்கர் இந்நோய்க்கு அவ்விடத்து ஆதிக்குடியினரின் பெயரால் இருக்காஞ்சி என 1952 இற் பெயரிட்டார். காரணமான உயிரைக் கண்டுபிடித்தவர் கேண்ஸ் நகரின் மற்றொரு வைத்தியரான ஜாக் பார்ண்ஸ். 1961 ஆம் ஆண்டு டிசம்பரில், பெருவிரல் நகத்தளவேயான சிறு சொறியொன்றை அவர் கடலிற் பிடித்தார். நோய்க்குக் காரணம் அதுவே என நிறுவுவதற்காக, அதனைத் தம்மீதும், தம் ஒன்பது வயது மகன்மீதும், கரைக்காவலரான ஓர் இளைஞர்மீதும் தீண்டச் செய்தார். சிறிது நேரத்தில் மூவரும் வலியால் துடித்து வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டனர், மூவரும் பிழைத்தனர். அச்சொறிக்கு இன்று வழங்கும் கருக்கியா பார்ணெசி என்னும் பெயர் அவர் நினைவாக 1967 இல் இடப்பட்டது. மகனையும் இத்தகைய சோதனைக்கு உட்படுத்தியதை இக்காலத்து வைத்திய ஒழுக்கம் ஒருபோதும் ஏற்காது. அவர் நிறுவிய உண்மையோ பலருடைய உயிரைக் காத்து வருகின்றது.

தீண்டிய உயிர் யாதென அறிந்தபின்னரும், சரியான முதலுதவி யாதென அறிய மேலும் காலஞ் சென்றது. பெட்டிச்சொறி தீண்டிய இடத்தில் மதுசாரம் ஊற்ற வேண்டுமென வைத்தியர்களே பல்லாண்டுகள் கூறிவந்தனர். 1980 ஆம் ஆண்டில் வெளியான அவுஸ்திரேலிய ஆராய்ச்சியொன்று இதனை மாற்றியது. இழைகளின்மீது பலவகைத் திரவங்களை ஊற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கினர். மதுசாரம் பட்டதும் நஞ்சுப்பைகள் வெடித்தன. சமையலறையிற் பயன்படும் வினாகிரி பட்ட பைகளோ சுமார் அரைநிமிடத்தில் முற்றாகச் செயலற்றுப்போயின. பின்னர் அவற்றைத் தூண்டியும் வெடிக்கச் செய்ய முடியவில்லை. அன்றுமுதல் வட அவுஸ்திரேலியக் கடற்கரைகளில் வினாகிரிப் போத்தல்களைக் கம்பங்களிற் பொருத்தி வைக்கும் வழக்கம் பரவியது.

வினாகிரியின் பயனுக்கு எல்லையுண்டு. அஃது எஞ்சிய பைகளை அடக்குமேயன்றி, ஏற்கெனவே உடலினுட் சென்ற நஞ்சை முறிக்காது, வலியையும் தணிக்காது. வெடித்த பைகளில் மிஞ்சிய நஞ்சை அது வெளிப்படுத்தலாம் என 2014 இல் ஓர் ஆய்வுகூடச் சோதனை ஐயமெழுப்பியது. எனினும் பெட்டிச்சொறி வாழும் பகுதிகளில் வினாகிரியே இன்றும் விதிக்கப்படுகின்றது. எல்லாச் சொறிகளுக்கும் இது பொருந்துமெனக் கொள்ளுதலும் தவறு. சிலவகைச் சொறிகளின் பைகளை வினாகிரியே வெடிக்கச் செய்வதுண்டு.

எமது கடலில் அடிக்கடி காணப்படுவதும், பருவக்காற்றினால் கரையில் ஒதுக்கப்படுவதுமான ஒன்று, நீலநிறக் காற்றுப்பையோடு மிதக்கும் உயிராகும். அவுஸ்திரேலியர் இதனை நீலப்போத்தல் என்பர். இதன் பெரிய இனத்துக்குப் போர்த்துக்கேயப் போர்க்கப்பல் எனவும் பெயருண்டு. காற்றுப்பை பாய்விரித்த பழங்கப்பலை ஒத்திருத்தலே அப்பெயருக்குக் காரணமாகும். உண்மையில் இது தனியொரு சொறியன்று. பல சிற்றுயிர்கள் ஒன்றோடொன்று இணைந்து வாழும் குடியிருப்பாகும். தீண்டினால் தோலில் மணிகோத்தாற்போலத் தடிப்பெழும், வலி கடுமையாயிருக்கும், எனினும் உயிரிழப்பு மிக அரிது. இதற்கு வினாகிரி நன்றா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு நிலவுகின்றது. கடல்நீரால் இழைகளைக் கழுவி அகற்றிவிட்டு, வெந்நீரைப் பயன்படுத்துமாறு அவுஸ்திரேலிய முதலுதவி முறை கூறுகின்றது.

வெந்நீரின் பயன் 2006 இல் வெளியான ஓர் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. நீலப்போத்தலால் தீண்டப்பட்டுக் கரைக்கு வந்த 96 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 45 பாகைச் சென்றிகிறேட்டு வெந்நீரும், மற்றையோருக்குப் பனிக்கட்டி ஒத்தடமும் அளித்தனர். இருபது நிமிடங்களில் வெந்நீர் பெற்றோருள் நூற்றுக்கு 87 பேர் வலி குறைந்ததென்றனர். பனிக்கட்டி பெற்றோருள் நூற்றுக்கு 33 பேரே அவ்வாறு கூறினர். நஞ்சிலுள்ள புரதங்கள் வெப்பத்தாற் சிதைவதனாலோ, வெப்பம் வலியுணர்வை நரம்பிலே தடுப்பதனாலோ இப்பயன் விளைகின்றதெனக் கருதுகின்றனர்.

நீலப்போத்தலோடு தொடர்புடைய வேறொரு வரலாறும் அறியத்தக்கதாகும். 1901 ஆம் ஆண்டில், மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் அல்பேட்டின் ஆராய்ச்சிக் கப்பலிலே சென்ற சார்ள்ஸ் றிஷே, போல் போர்ட்டியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், இவ்வுயிரின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். நாடு திரும்பியதும் கடற்சாமந்தியின் நஞ்சைக்கொண்டு ஆய்வைத் தொடர்ந்தனர். சிறிதளவு நஞ்சை நாய்களுக்கு ஏற்றினால் அவை நஞ்சைத் தாங்கும் வலிமை பெறுமென அவர்கள் எதிர்பார்த்தனர். நடந்தது அதற்கு நேர்மாறு. முதல் ஊசியைத் தாங்கிய நெப்டியூன் என்னும் நாய், சில வாரங்களின் பின் ஏற்றப்பட்ட சிறிய அளவினாலேயே இறந்தது. உடல் ஒரு பொருளைக் கண்டு மிகையாகச் சீறியெழும் இந்நிலையை 1902 இல் அவர்கள் வெளியிட்டு, அதற்கு அனபிலக்சிசு எனப் பெயருமிட்டனர். 1913 இல் றிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருந்தினாலும் குளவிக்கொட்டினாலும் உண்டாகும் கடும் ஒவ்வாமையை வைத்தியவுலகம் விளங்கிக்கொண்டது இவ்வழியாகவே. முன்பொருமுறை தீண்டப்பட்டு ஒன்றும் நேராதவர் மறுமுறையும் அஞ்சவேண்டியதில்லை என்னும் எண்ணம் சரியன்று என்பதையும் இது காட்டுகின்றது.

இனிக் கரையிற் செய்யவேண்டியவற்றை ஒழுங்காக நோக்குவோம். பெட்டிவடிவச் சொறிகளுட் சில இலங்கையைச் சூழ்ந்த கடலிலும் காணப்பட்டிருக்கின்றமையால், இவ்வொழுங்கு எமது மக்களுக்கும் உரியதே.

முதலாவது, தீண்டப்பட்டவரை நீரிலிருந்து கரைக்குக் கொண்டுவருதல் வேண்டும். வலியினாற் பதறுவோர் ஆழமற்ற நீரிலும் மூழ்கக்கூடும். கரையில் அவரை அசையாது அமர்த்தி, தீண்டிய இடத்தைத் தேய்க்கவிடாது கைகளைப் பற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, உயிர்க்குறிகளை நோக்க வேண்டும். மயங்கி மூச்சின்றிக் கிடப்பாராயின், நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை அழுத்துதலும், முப்பது அழுத்தங்களுக்கு இருமுறை வாய்வழி மூச்சு ஊதுதலும் உடனே தொடங்கப்பட வேண்டும். அதேவேளையில் வேறொருவர் 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அறிவித்து அம்புலன்ஸ் வண்டியை அழைக்க வேண்டும். இந்நிலையில் வினாகிரி தேடி ஓடுவதிலும் நெஞ்சழுத்தமே முதன்மையானது.

மூன்றாவது, சவுக்கடிபோன்ற தழும்புகள் தோன்றினும், பெட்டிச்சொறியென ஐயம் ஏற்படினும், வினாகிரியைக் குறைந்தது அரைநிமிட நேரம் தாராளமாக ஊற்ற வேண்டும். வினாகிரி கிடையாதாயின், அல்லது தீண்டியது நீலப்போத்தலெனத் தெரிந்தால், கடல்நீரை மெல்ல ஊற்றிக் கழுவலாம், நன்னீர் கூடாது. பின்னர் எஞ்சிய இழைகளைச் சாவணத்தாலோ கையுறை அணிந்த விரலாலோ ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். சுரண்டுதல் ஆகாது.

நான்காவது, வலியைத் தணிக்க, தீண்டிய உறுப்பை வெந்நீரில் 20 நிமிடம் வரை அமிழ்த்தி வைக்கலாம். சூடு 45 பாகைக்கு மேற்படலாகாது. வெப்பமானி இல்லாவிடின், உதவி செய்பவர் தம் கையை முதலில் அந்நீரில் வைத்து, தாங்கக்கூடியதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். வலியில் இருப்பவருக்குச் சூட்டின் அளவு தெரியாது. குழந்தைகளுக்கு இவ்வெச்சரிக்கை இருமடங்கு வேண்டும். வெந்நீர் கிடையாத இடத்தில், பனிக்கட்டியை நீர் கசியாத பையிலிட்டு ஒத்தடம் கொடுக்கலாம். பரசிற்றமோல் போன்ற வலிநீக்கியும் உதவும்.

தீண்டப்பட்டவர் சிறு குழந்தையாயினும், தழும்பு பெரும்பரப்பிற் பரந்திருப்பினும், கண்ணிலோ முகத்திலோ பட்டிருப்பினும், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தொடர் வாந்தி, முகவீக்கம் என்பவற்றுள் ஏதேனும் தோன்றினும் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தீண்டல் இலேசாயிருந்து, அரைமணி நேரத்தின் பின் இடுப்புவலி தொடங்குமாயின், அதனை வேறு காரணத்தின்மேற் சுமத்திவிடாது, கடலிற் குளித்தமையை வைத்தியரிடம் கூறவேண்டும்.

வைத்தியசாலையில் செய்யப்படுவன நோயின் தன்மைக்கேற்ப வேறுபடும். ஒவ்வாமையால் மூச்சடைப்போருக்கு அதிரினலின் ஊசி உயிர்காப்பதாகும். கடும் வலிக்கு மோர்பின் வகை மருந்துகள் தரப்படும். இருக்காஞ்சி நோயில் இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் இடைவிடாது கண்காணிப்பர்; மகனீசியம் சல்பேற்றையும் சில இடங்களிற் பயன்படுத்துவர். கைரோனெக்ஸ் நஞ்சுக்குச் செம்மறியாட்டின் இரத்தத்திலிருந்து ஆக்கப்பட்ட மாற்றுமருந்து 1970 முதல் அவுஸ்திரேலியாவில் உண்டு. ஆனால் நஞ்சு செயற்படும் வேகத்துக்கு மருந்து ஈடுகொடுக்குமா என்பது ஐயத்துக்குரியதாகவே உள்ளது. கரையிற் கழியும் முதல் ஐந்து நிமிடங்களின் அருமை இதனாலும் விளங்கும்.

வருமுன் காத்தல் எளிது. உடலை மூடும் மெல்லிய ஆடையே பெருங்காப்பு. குயின்ஸ்லாந்துக் கரைக்காவலர் ஒருகாலத்திற் பெண்கள் அணியும் நைலோன் காலுறைகளை அணிந்து கடலில் இறங்கியதுண்டு; நஞ்சுப்பைகளைத் தூண்டும் தோலின் உராய்வை அம்மெல்லிய துணியே தடுத்துவிட்டது. இன்று அதற்கெனவே முழுவுடல் ஆடைகள் விற்கப்படுகின்றன. வலையிழுக்கும் தொழிலாளர் கையுறையும் நீண்ட கையுள்ள மேற்சட்டையும் அணிதல் நன்று. கரையில் நீலப்பைகள் ஒதுங்கிக் கிடக்கும் நாட்களில் சிறுவரைக் கடலில் இறங்கவிடலாகாது. அப்பைகளைக் கையிலெடுத்து விளையாடவும் விடலாகாது.

கடற்றொழிலாளரின் வள்ளத்தில் ஒரு போத்தல் வினாகிரியும், ஒரு சாவணமும், வாடியில் வெந்நீர் கொதிக்க ஓர் அடுப்பும் இருத்தல் பெருஞ் செலவன்று. அவற்றோடு, நெஞ்சழுத்தி மூச்சளிக்கும் முறையைப் பழகிய ஒருவர் ஒவ்வொரு கரையிலும் இருப்பாராயின், அலறலோடு கரைக்கு ஓடிவரும் ஒரு பிள்ளை உயிரோடு தாயிடம் திரும்புவதற்கு வழி பிறக்கும்.